ஆய்வாளருக்குப் போட்ட தேநீர்

"சாருக்கு ஒரு டீ போடேன்" என்று சொன்னவள் நான்தான். பழக்கத்தால் வாயில் வந்த நான்கு சொற்கள். அவற்றால் ஒரு பெண்ணின் பிழைப்பு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நின்றுபோயிற்று. கோபம் ஆறுவதற்குள் அதை எழுதிவைத்துவிட வேண்டும்.

பாரிவாக்கத்தில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு, நெல் வயலை நிரவி எழுப்பியது. கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, மகனுக்கு அருகில் இருக்கலாம் என்று தஞ்சைப் பக்கத்திலிருந்து கணவரும் நானும் இங்கு வந்தோம். வாயிற்கதவை ஒட்டிக் கம்பிவேலி போட்ட கொட்டகை ஒன்று உண்டு. அதில் பெரிய எரிவாயு உருளைகளை வரிசையாக நிறுத்தி, அங்கிருந்து ஒவ்வொரு சமையலறைக்கும் குழாய் இழுத்திருந்தார்கள். தனியார் நிறுவனம் ஒன்றின் ஏற்பாடு அது. கைபேசிக்குப் போடுவதுபோல் முன்பணம் போட வேண்டும். மீட்டரில் அது கரையக் கரைய அடுப்பு எரியும்.

நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. குழாய் வந்த வீட்டில் சிலிண்டர் இருக்கக் கூடாது. எல்லோரும் பழைய இணைப்பை ஒப்படைத்துவிட வேண்டும். வெறும் இரும்பு உருளையைத் திருப்பிக் கொடுக்கும் காரியமாக யாரும் இதை நினைக்கவில்லை. பல வீடுகளில் குடும்ப அட்டை இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள்தான் எரிவாயுப் புத்தகமும் இருக்கும். வெள்ளம் வந்தபோது முதலில் பரண்மேல் ஏற்றியதும் அந்த உறையைத்தான்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நான். ஒப்பந்தத்தின் ஆங்கிலத்தைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதிகம் தயங்கியவள் தரைத்தளத்தில் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தவள். அவளுடைய தகப்பனார் இதே நிலத்தில் கூலிக்கு அறுவடை செய்தவர். அவளோ நசரத்பேட்டையில் இருக்கும் உதிரிபாகப் பட்டறை ஒன்றின் பத்துத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கணவர் அடுக்குப் பாத்திரங்களை மொபெட்டில் கட்டி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே தம் வேலைக்குப் போவார்.

"யக்கா, சிலிண்டரு தீந்துபூட்டா பக்கத்தூட்ல கேட்டு வாங்கிக்கலாம். கொயாய்ல கேஸு நின்னுபோச்சுனா யாரைப் போய் கேக்கறது?"

"அதுக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்கும்மா. இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கிறதுக்குன்னே வச்சிருக்காங்க. தப்பு நடந்தா அவங்க கேப்பாங்க."

"நீ பட்ச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். உறையிலிருந்து புத்தகத்தை உருவி என் கையில் கொடுத்தாள். குடும்ப அட்டையில் அவள் பெயர் மாமனாருக்கும் மாமியாருக்கும் கணவருக்கும் கீழே வரும். அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதைக் கவனித்தும் வாங்கிக்கொண்டேன்.

ஓராண்டு நன்றாகவே எரிந்தது. பிறகு மீட்டர் பார்க்க வரும் பெண் வராமல் போனாள். புகார் எண்ணில் பாட்டு மட்டும் ஒலித்தது. உருளைகளை இறக்கும் வண்டி வாரத்துக்கு மூன்று நாளிலிருந்து ஒரு நாளாயிற்று. நிறுவனம் கடனில் தத்தளிக்கிறது, கூலி கொடுக்க வழியில்லை என்று அந்த ஓட்டுநர்தான் எங்களுக்குச் சொன்னார். அதே வாரம் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி வந்தது. பெருந்தொகையாக முன்பணம் போடுகிறவர்களுக்குக் கூடுதல் எரிவாயு இலவசமாம். மூழ்குகிறவன் கரையில் நிற்பவரின் காலைப் பிடித்து இழுப்பதற்கு இவ்வளவு மரியாதையான வாசகத்தை நான் அதற்குமுன் படித்ததில்லை. பாதிப் பேர் அதற்கும் போட்டார்கள்.

நானும் கணவரும் மின்சார அடுப்புக்கு மாறிக்கொண்டோம். இருவர் சமையலுக்கு அது போதும். ஆனால் அவளுடைய ஒற்றை அறையின் பழைய ஒயரில் மின்சார அடுப்பும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் பியூஸ் போய்விடும். விடிகாலையில் யாரும் அடுப்பு மூட்டாத நேரத்தில் குழாயில் மிச்சமிருக்கும் வாயுவைப் பிடிப்பதற்காக நான்கு மணிக்கே எழத் தொடங்கினாள். சோறு வெந்தால் குழம்பு இல்லை. குழம்பு கொதித்தால் பொரியல் இல்லை. பட்டறை மேற்பார்வையாளர் இரண்டு முறை பொறுத்துக்கொண்டு, மூன்றாம் முறை, மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அவளை அழைத்துக்கொண்டு சிலிண்டர் முகவரிடம் போனேன். குழாய் இணைப்பு இருக்கும் முகவரிக்குப் புது இணைப்பு தர முடியாது, அது துண்டிக்கப்பட்டதாகக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் தர வேண்டிய நிறுவனத்தின் அம்பத்தூர் அலுவலகத்தில் கதவு பூட்டிக் கிடந்தது. வாசலில் காவலாளி ஒருவர் மட்டும் இருந்தார். "உள்ள நாற்காலி கூட இல்லீங்கம்மா. கடிதாசி யார் குடுப்பா?" என்றார். எனவே நான் நம்பியிருந்த அந்த மேலிடத்துக்கு, ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு, அந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு சான்று கேட்டு மனு எழுதினேன். வந்த பதில் இதுதான்: நிறுவனம் நிதி நெருக்கடியில் இருப்பினும் அதன் உரிமம் நடப்பில் உள்ளது, ஆகவே விநியோகமும் நடப்பில் இருப்பதாகவே கொள்ளப்படும், விநியோகம் இல்லையெனில் நேரடி ஆய்வு செய்து அதற்கான சான்று வழங்கப்படும்.

அந்த வாக்கியத்தின் இலக்கணம் குறையற்றது. நான்கு மணிக்கு எழுந்து வெந்தும் வேகாத சோற்றோடு நிற்கும் பெண்ணுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

ஆய்வாளர் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டார். ஆவடியிலிருந்து பேருந்தில் வந்த, களைத்த, சாதுவான மனிதர். அவளுடைய கணவர் முந்தின நாளே, "ஆபீசர் வராரு, மாவிலை தோரணம் கட்டட்டா?" என்று கிண்டல் செய்திருந்தார். ஆய்வாளர் அவளுடைய அறைக்குள் நுழைந்தபோது அடுப்பில் பாதி வெந்த சோறு இருந்தது. அதன் கீழே அகல் விளக்கின் சுடர் அளவுக்கு நீலம் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார், படிவத்தை எடுத்தார், நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

அப்போதுதான் நான் அந்த நான்கு சொற்களைச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு, அந்தச் சொட்டு நெருப்பில் பாலை ஏற்றினாள். இருபது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அவர் மொபெட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவளுடைய கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிப் போனார். தனக்கு வேண்டிய கடைசி வாயுவை அவள் அவருக்காகச் செலவழித்துவிட்டாள். அன்று பட்டறைக்குச் சாப்பாடு போகவில்லை.

பதினோரு நாள் கழித்து அறிக்கை வந்தது. "ஆய்வின்போது அடுப்பு எரியும் நிலையில் இருந்தது. தேநீர் தயாரிக்கப்பட்டது. விநியோகம் உள்ளது. சான்று வழங்க இயலாது."

நான் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"பாத்தியா யக்கா, நா டீ போட்டதுக்குக் கவர்மெண்டே சர்ட்டிபிகேட் குட்த்துகீது. சக்கரை சரியா இருந்துச்சான்னு எய்தலியா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த மாதத்தோடு பட்டறை வேறொருவரை ஏற்பாடு செய்துகொண்டது. காலையில் மொபெட் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது; பாத்திரங்கள் உரசும் ஓசை நின்றுவிட்டது. என் வாழ்நாளில் நான் குரல் உயர்த்திய இடங்கள் மிகக் குறைவு. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆய்வாளரின் மேசைக்கு முன் போய் நின்றபோது, என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"அடுப்பு எரிஞ்சுதேம்மா. நான் பாத்ததைத்தானே எழுத முடியும்?"

"எவ்வளவு எரிஞ்சுதுன்னு பாத்தீங்களா? ஒரு டம்ளர் பால் பொங்க எத்தனை நேரம் உக்காந்திருந்தீங்க?"

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "எரிகிறதா? ஆம், இல்லை. ரெண்டு கட்டம்தான் இருக்கு. எவ்வளவுன்னு எழுத இடமே இல்லீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் மூண்டது. நிறுவனம் நாணயமானதா, நாளை அதனிடம் உருளை இருக்குமா, முன்பணம் போட்டவர்கள் என்ன ஆவார்கள் என்ற எதற்கும் அந்தத் தாளில் கட்டம் இல்லை. எங்களைக் காப்பதாக நான் ஊருக்கெல்லாம் உறுதி சொன்ன ஏற்பாடு, சுடர் தெரிகிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடும் ஏற்பாடு. அங்கேயே உட்கார்ந்து மறு ஆய்வு கோரி மனு எழுதினேன். அதில் ஒரு வரி சேர்த்தேன்: ஆய்வாளர் முன்னிலையில் பத்துப் பேருக்கு உலை வைக்க அனுமதி வேண்டும். அவர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு வந்தார். இம்முறை அடுப்பில் பெரிய பானை நிறையத் தண்ணீர். பக்கத்தில் அரித்து வைத்த அரிசி. ஒரு நாற்காலியை அடுப்புக்கு எதிரே போட்டு அவரை உட்கார வைத்தேன். அவள் குமிழைத் திருகினாள். நீலச் சுடர் வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அரை மணி ஆயிற்று. பானையின் அடியில் முத்து முத்தாகக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு மணி ஆயிற்று. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் எழுந்து வந்து தண்ணீருக்குள் விரல் விட்டுப் பார்த்தார், விரலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அளவுக்குச் சூடு இல்லை.

அவள் என் காதருகே வந்தாள். "யக்கா, மனுசன் வெயில்ல வந்துகினு குந்திகீறாரு. ஒரு வாய் மோராவது..."

"எழுதி முடிக்கட்டும்" என்றேன்.

இப்படிச் சொன்னதற்காக அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

சுடர் தானாக அணைந்தது. அவர் படிவத்தை முழங்கால்மேல் வைத்து, கட்டங்களுக்கு வெளியே, ஓரத்து வெற்றிடத்தில் எழுதினார்: ஒரு மணி பத்து நிமிடத்தில் உலை கொதிக்கவில்லை, சமையலுக்குப் போதிய விநியோகம் இல்லை. கையெழுத்திட்டுத் தேதி போட்ட பிறகுதான் அவள் மோர் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார்.

"குடி சார். இத்தயும் எய்திடாத. மோருக்கு அடுப்பு வாணாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

சான்று வந்தது. முகவர் புது இணைப்புக் கொடுத்தார். பட்டறையின் பத்துப் பேரில் ஆறு பேர்தான் திரும்பி வந்தார்கள். மற்றவர்களுக்குப் புது இடத்துச் சாப்பாடு பழகிவிட்டது. நிறுவனத்தின் உரிமம் இன்றும் நடப்பில் உள்ளது. முன்பணச் சலுகைச் செய்தி இந்த வாரமும் வந்தது.

இணைப்பு வந்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள். முதல் சிலிண்டரில் உலை ஏற்றியிருந்தாள், மூடி தடதடத்துக்கொண்டிருந்தது. புதுப் புத்தகத்தை எடுத்துத் தன் பெயர் இருந்த பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டு, குடும்ப அட்டை இருந்த உறைக்குள் செருகினாள்.

"இனிமே யார் வந்து கேட்டாலும் இத்த தரமாட்டேன் யக்கா. நீ கேட்டாலும்."

"தராதே" என்றேன்.