ஸ்டெல்லா அக்கா ஒற்றையாக வெட்டியதில்லை

இல்லை, மறக்கவில்லை. ஊருக்கெல்லாம் போஸ்டர் அடிக்கிறவர்கள் ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கவில்லையே என்று ஆம்பூரில் பலர் கேட்டுவிட்டார்கள். எங்கள் போஸ்டர் குழுவின் ஷாஹீனிடமிருந்து போன் வந்தபோது நான் மை உருளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நெஞ்சு வலி, வேலூருக்குக் கொண்டு போனார்கள், பள்ளிகொண்டா தாண்டவில்லை என்றாள். உருளையில் பாதி மை அப்படியே காய்ந்தது.

எங்கள் குழுவில் எல்லாரும் பெண்கள். பெரும்பாலும் ஷூ கம்பெனி வேலை. நான் மட்டும் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு வந்தவள். கழித்துப் போட்ட சோல் ரப்பரில் படத்தைச் செதுக்குவோம். மை தடவி, மேலே காகிதம் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்ப்போம்.

அக்கா கட்டிங் செக்‌ஷன். இடது காலுக்கு ஒன்று வெட்டினால் வலது காலுக்கு ஒன்று. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்தது. கம்பெனியில் குழந்தைகளுக்கு ஓர் அறை கேட்டு எங்கள் முதல் போஸ்டர். ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். செதுக்கி முடித்தவர், பேச்சுவாக்கில் அதையே திருப்பிப் போட்டு இன்னொன்றும் செதுக்கிவிட்டார். "இன்னாக்கா, போஸ்டர மாட்டிக்கினு நடக்கப் போறியா?" என்றாள் ஷாஹீன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீணாக்குவானேன் என்று இரண்டையும் எதிரெதிரே ஒட்டினோம்.

ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, அது ஷாஹீனின் மூக்கு. கேட் சுவர் முன்னால் சூப்பர்வைசர் வெகுநேரம் நின்றார். கண்டுபிடித்தால் அவள் வேலை போய்விடும். இது ஷாஹீன்தானே என்று அவர் கேட்டது அக்காவிடம்.

"ரெண்டு பொம்பளைங்க ஏதோ பேசினு இருக்காங்க சார். நடுவுல போவாதீங்க."

போய்விட்டார். கம்பெனி பஸ்ஸில் பல நாள் இதே பேச்சு. பிறகு அக்கா சொல்வார்: "ஒத்தையா இருந்தா யாருன்னு தேடுவானுங்க. ரெண்டா இருந்தா கதை பேசுறாங்கன்னு வுட்டுடுவானுங்க."

அதன்பின் எங்கள் போஸ்டரில் யாரும் தனியாக நின்றதில்லை.

சண்டையும் உண்டு. நான் வெற்றிடம் வேண்டும் என்பேன். அவர் அங்கே ஒரு பூவாவது வைப்பார்.

கடைசியாக அவர் எடுத்தது கழிவறை டோக்கனைப் பற்றியது. வேலை நேரத்தில் பெண்கள் கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். ஒரு லைனில் எத்தனை பேர் வேலை செய்தாலும் டோக்கன் ஒன்றுதான். ஒரு பெண்ணை முடித்திருந்தார். எதிரில் நிற்க வேண்டியவள் ரப்பரில் பென்சில் கோடாக மட்டும் இருந்தாள்.

முடித்ததை மட்டும் அச்சடிக்க நினைத்தேன். எதிரில் வெள்ளைக் காகிதம். அக்காவுக்கு அதுதான் அஞ்சலி. அழகாகவும் இருந்திருக்கும்.

ஷாஹீன் ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "டோக்கன் இன்னும் இருக்குது. இவ யார்கிட்ட பேசுவா?"

ஒற்றை முகம் போட்ட கண்ணீர் அஞ்சலி அடிக்காததற்கும் இதுதான் காரணம்.

ஒரு முகத்தைப் பார்த்ததும் எதிரில் யார் என்று தேடுகிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அது.

அன்று மாலை பென்சில் கோட்டின் மேல் கத்தி வைத்தேன். மூக்கை மட்டும் மாற்றி, அக்காவின் மூக்காகச் செதுக்கினேன். அவரை இனி யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது. திங்கட்கிழமை, முதல் ஷிஃப்ட் பஸ் வருவதற்கு முன், நானும் ஷாஹீனும் கேட் சுவரில் இரண்டையும் எதிரெதிரே ஒட்டினோம்.