விடியும்வரை நேற்று

அக்காவை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்ன அன்று மைசூரில் நல்ல மழை. நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் தேதிய மாத்தினேனாம்டி," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். நடந்தது இதுதான். திங்கள்கிழமை நள்ளிரவு தாண்டி ஒரு பெண் வலியோடு வந்தாள். கேட்டில் காவலாளி கையால் எழுதியது செவ்வாய்க்கிழமைத் தேதி. விடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. கம்ப்யூட்டரில் எடுத்த பிறப்பு அறிக்கையிலோ திங்கட்கிழமைத் தேதி. அதாவது, தாய் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின நாளே பிள்ளை அங்கே பிறந்து தொட்டிலில் படுத்திருக்கிறது! பிள்ளையின் அப்பா போய்ச் சத்தம் போட்டார். நிர்வாகத்தார் மூளையைக் கசக்கி ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். செவ்வாய் ஆகாது, திங்களாக இருக்கட்டும் என்று வீட்டார் யாரோ கேட்டிருப்பார்கள், நர்ஸ் கைநீட்டி வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்திருப்பாள். பத்து வருஷமாக ஒரு பழச்சாறுகூட யாரிடமும் வாங்கிக் குடிக்காதவள் என் அக்கா.

எனக்கு வயிறெரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஆஸ்பத்திரி புரோகிராமைச் செய்து கொடுத்தது எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னாலே, பெரிய கம்பெனிகள் இருக்கிற பேட்டையை நினைத்து "ஹெப்பாளா? கம்பெனி பஸ் வருமா?" என்று ஊரில் கேட்பார்கள். பஸ்ஸெல்லாம் கிடையாது. விஜயநகரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நாலு நாற்காலி போட்ட ஆபீஸ். புரோகிராம் தேதியைத் தானாகவே போட்டுக்கொள்ளும். வேண்டுமானால் நர்ஸ் திருத்தலாம். எங்கள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, மெஷின் தப்புப் பண்ணாது, ஆள்தான் பண்ணியிருக்கணும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்.

நான் போய் நின்றபோது, ஆஸ்பத்திரி புரோகிராம் ஓடும் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "நோடம்மா, பாரு, இன்னைக்குத் தேதி சரியா இருக்கல்வா? இன்னும் என்ன?"

சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன், மறுநாள் காலையில் போனதும் பார்த்தேன். எப்போது பார்த்தாலும் சரியான தேதி. நிஜமாகவே மாற்றவில்லைதானே என்று அக்காவிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை.

பிறகுதான் பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். விடிவதற்கு முன் பிறந்த பிள்ளைகள் அத்தனைக்கும் முந்தின நாள் தேதி. வேறு நர்சுகள் எடுத்ததும் அப்படியே. இவ்வளவு நாளும் ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? யோசித்தால் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. செவ்வாய் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளையைத் "திங்கட்கிழமை ராத்திரி பிறந்தது" என்றுதானே நாம் சொல்கிறோம்? வெயில் வந்தால்தான் நமக்கு மறுநாள். ஜாதகம் எழுதுகிற வீட்டிலும் அப்படித்தான், மாதா கோயில் மணி கேட்டு ஜெபம் சொல்கிற எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நைட் டியூட்டி நர்சுகளுக்கும் இரவு முழுக்க ஒரே நாள்தான். மெஷின் பொய் சொன்னது, ஊரே ஆமாம் போட்டிருக்கிறது.

தேதியோடு மணியையும் சேர்த்துக் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதினேன். அப்போது காலை பதினொன்று. புரோகிராம் ஐந்தரை என்றது. ஆனால் மெஷினின் சொந்தக் கடிகாரம் பதினொன்று என்றே காட்டியது. எந்த ஊர் நேரம் என்பதையெல்லாம் எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். இந்திய நேரம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அழித்து மறுபடி எழுதினேன், சர்வரை நிறுத்திக் கிளப்பினேன், மாறவில்லை. எரிச்சலில் அந்தக் கோப்பில் வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டி வைத்தேன். அதற்கும் தப்பு என்று மெஷினிடமிருந்து ஒரு முனகல் இல்லை. அப்போதுதான் உறைத்தது. இந்தக் கோப்பைப் புரோகிராம் படிக்கவே இல்லை.

புரோகிராம் எந்தக் கணினி மொழியில் ஓடுகிறதோ அதைப் பற்றிப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன். "அந்த லாங்குவேஜை யார் இன்ஸ்டால் பண்ணது?"

"நான்தான் ரீ," என்றார் அந்தக் கன்னடக்காரர் பெருமையாக. "ரெடிமேடா வந்தது பழசு. சோர்ஸை இறக்கி நானே கம்பைல் பண்ணேன்."

அங்கேதான் கோளாறு. சோர்ஸ் என்கிற மூல வரிகளிலிருந்து புதிதாகக் கட்டிய மொழி, தன் அமைப்புக் கோப்பைத் தன்னுடைய புது இடத்தில் தேடும். அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் எழுதி வைத்ததெல்லாம் பழைய இடத்தில். தான் இருப்பது எந்த ஊர் என்று யாரும் சொல்லாததால் அது இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். தினமும் காலை ஐந்தரை வரை அதற்கு நேற்றுதான்.

கோப்பைச் சரிசெய்து புது இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். ஒரு நிமிஷ வேலை. மணி சரியாகிவிட்டது.

முதலாளி தலையைச் சொறிந்தார். "புது வெர்ஷன்ல இம்ப்ரூவ் பண்ணிட்டோம்னு சொல்லிடலாமா?"

"எங்க அக்கா பேரு கெட்டது இந்த வெர்ஷன்லதான் சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என் முன்னாலேயே போனை எடுத்தார்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாளையிலிருந்து டியூட்டிக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், நிதானமாகக் கேட்டாள்.

"எப்போலேர்ந்து அப்படி?"

"அந்த மெஷின் வந்ததிலேர்ந்தே. ரெண்டு வருஷமா."

அவள் சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே அப்பாவின் படம்.

அந்த மெஷின் வந்த வருஷம்தான் அப்பா அதே ஆஸ்பத்திரியில் விடியும் முன் போனார். அக்கா மட்டும் பக்கத்தில் இருந்தாள். சனிக்கிழமை என்று அவள் சொன்னாள். இறப்பு அறிக்கை வெள்ளி என்றது. "ஆண்டவர் சிலுவையில போன கிழமையிலேயே போயிட்டாரு," என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா தேறினாள். கல்லறையிலும் வெள்ளிக்கிழமைத் தேதியைத்தான் வெட்டியிருக்கிறோம். முதலாண்டு ஜெபமும் அந்தத் தேதியில்தான்.

உள்ளே அம்மா ஏதோ பாடிக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கல்லை மாத்திடலாமா அக்கா?"

"வேணாம். அம்மா தாங்கமாட்டா," என்றாள் தணிந்த குரலில். "முதலாண்டுக்கு நீங்கல்லாம் கல்லறைக்குப் போயிட்டு வந்தீங்கல்ல, அதுக்கு மறுநாள் நான் மட்டும் தனியாப் போனேன்டி. இனியும் அப்படியே போயிக்கிறேன்."