நன்றிப் பக்கத்தை அடித்தவன்

தாராவியில் என் கையால் ஒரு வீடு கட்டினேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடையில், நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் வைத்தேன். பிறகு செம்பூரில் இன்னொரு கடை. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. டைப் அடிக்கக் கற்றது ஒரு வக்கீல் ஆபீஸைப் பெருக்கப் போன இடத்தில், அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. வகைக்கெழுச் சமன்பாடுகளைப் போட்டு விடை சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் புத்தகம் என் கையில்தான் உருவானது. அறுபதுகளின் கடைசியில்.

புரோகிராமை எழுதியவர் மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். எங்கே வேலை பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் இருந்த இடங்களே அப்போது சொற்பம். தடிமனான கைப்பிரதியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். டைப்ரைட்டரில் ரிப்பனைக் கழற்றிவிட்டு, நகலெடுப்பதற்கான மெழுகுத்தாளில் எழுத்து எழுத்தாக வெட்ட வேண்டியது என் வேலை. அதற்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அர்த்தம் கேட்காமல் நான் எதையும் அடித்ததில்லை.

"கணக்குன்னீங்க, இதுல நம்பரே இல்லயே சார்?"

"நம்பர் வேண்டாம் ஓய். எழுத்தாக் குடுத்தா விடையும் எழுத்தா வரும். இதோ, இந்த டீ ஆறற வேகத்தை எழுதிக் குடுத்தா, எப்போ எவ்வளவு சூடு இருக்கும்னு சூத்திரம் குடுக்கும்."

கைப்பிரதியில் அந்தச் சூத்திரத்தைப் பார்த்தேன். உள்ளே ஒரு C உட்கார்ந்திருந்தது.

"இந்த C எவ்வளவு சார்?"

"எவ்வளவு வேணும்னாலும் இருக்கலாம். ஆரம்பத்துல என்ன சூடுன்னு நீர் சொன்னாத்தான் தெரியும்."

"அதையும் நாந்தான் சொல்லணும்னா, பொறவு எதுக்கு இம்புட்டுப் பெரிய மெஷின்?"

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் குழப்பம்தான் மிச்சம்.

நாற்பதாவது பக்கத்தில் ஒரு வரியில் என் கை நின்றது. அந்தப் புரோகிராமிடம் எதைச் சொன்னாலும் அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். என் முதல் வேலை தாராவியில் ஒரு தோல் பட்டறையில் செருப்புகளை ஜோடி சேர்ப்பது. எவ்வளவு பெரிய குவியலானாலும் ஜோடியில்லாத ஒன்று கிடந்தால் கண் தானாக அங்கே போய்விடும். இந்த வரியில் இடது ஏழு, வலது ஆறு.

"வலது ஒண்ணு குறையுது சார்."

"எழுதினதை அப்படியே அடியும். இதென்ன செருப்புக்கடையா?"

"செருப்புன்னா திருப்பி வாங்கிக்கிடலாம். புஸ்தகம் போனா போனதுதான் சார்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வந்தார். அந்த வரியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம், அது ஏற்கவில்லை. விட்டுப்போன குறியை ஓரிடத்தில் போட்டால் ஒரு விடை, இன்னோரிடத்தில் போட்டால் வேறு விடை. இரண்டையும் அது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டதாம்.

"அப்போ எது சரி?"

"அது எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது."

"காணோம்னு சொன்னது யாரு சார்?"

பேனாவை எடுத்து வரியின் நடுவில் ஒரு வலது அடைப்பைப் போட்டுக் கொடுத்தார். நான் அதைக் கொஞ்சம் ஓங்கியே அடித்தேன். ஜோடி சேர்ந்துவிட்டால் சரியாகத்தானே இருக்க வேண்டும்? சேர்ந்த பிறகும் தப்பாக இருக்க முடியும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வரியையும் எண்ணினேன். இன்னும் மூன்று இடங்களில் குறைந்தது. அவற்றையும் திருத்திக் கொடுத்தார்.

கடைசியாக வந்தது நன்றிப் பக்கம். மேலதிகாரி, கூட வேலை பார்த்தவர்கள், கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கார்டில் துளை போட்ட பெண்கள், வீட்டுக்காரி என்று எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை. அதையும் நானே அடித்தேன்.

"அடியில இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கு சார்."

"இருக்கட்டுமே ஓய், காத்தோட்டமா இருக்கும்."

என் பெயரை நானே வெட்டியிருக்கலாம். விரல் சாவியின் மேல்தான் இருந்தது. ஆனால் நானே போட்டுக்கொண்டால் அது நன்றியாகுமா? அப்படியே மெஷினில் ஏற்றி உருட்டினேன்.

அந்தப் புத்தகம் யார் அலமாரியிலாவது இன்னும் இருக்கும். நாற்பதாவது பக்கத்தில் ஒரு வலது அடைப்பு மட்டும் மற்றவற்றைவிட அழுத்தமாக விழுந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு நன்றிப் பக்கத்துக்கு வாருங்கள். அடியில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதில் என் பெயரை எழுத வேண்டும். டைப் அடித்தவர் என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறையைக் கண்டவர் என்று எழுத வேண்டும்.