கல்பகம் குறைத்த உப்பு

கல்பகத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஹைதராபாத் குஷாய்குடாவில் அவளைத் தெரிந்த எல்லோரும் இதைச் சொல்வார்கள். கணவர் பாலசுப்ரமணியனுக்கு பி.பி. இருக்கிறது, உப்பைக் கொஞ்சம் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், அப்பளம், வடாம், ஊறுகாய் எல்லாம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து காணாமல் போயின. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து அத்தனை பேரையும் அதட்டியவர், ரிட்டயர் ஆன பிறகு மனைவி வைத்த சப்பென்ற ரசத்தை வாய் திறக்காமல் சாப்பிட்டார். பாவம், வேறென்ன செய்வார்.

இந்த வருஷம் அவர் ஓய்ந்துபோனார். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, முதுகுவலி வேறு. ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைவு என்று வந்தது. சோடியம் என்றால் உப்புச் சத்து என்று லேபில் இருந்த பெண் கல்பகத்துக்கு விளக்கினாள்.

"நான்தான்னா உங்களை இப்படிப் பண்ணிட்டேன்" என்று வீடு திரும்பும் ஆட்டோவிலேயே கல்பகம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கே நார்த்தங்காய் ஜாடி வெளியே வந்தது. மோர்மிளகாய் பொரிந்தது. கஞ்சியில் உப்பு, மோரில் உப்பு.

"நக்கோ கல்பகம், வேண்டாம், வாயில வைக்க முடியலை" என்று அவர் கெஞ்சினார். அவள் கேட்டால்தானே! பி.பி. ஏறியது. சோடியம் மட்டும் அசையவில்லை. சுவாமி முன்னால் நிற்கக்கூட அவளுக்குக் கூசியது. கட்டின புருஷனைத் தன் கையாலேயே படுக்க வைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்மஜா, வேறு வகை மெஷினில் சோடியத்தைப் பார்க்கச் சொன்னார். மற்ற பரிசோதனைகளும் முடிந்த பிறகு இருவரையும் உட்கார வைத்து, தெலுங்கில் நிதானமாகப் பேசினார்.

"உங்கள் சமையலில் ஒரு தப்பும் இல்லை, அம்மா. இவருக்குச் சோடியம் குறையவே இல்லை. ரத்தத்தில் வேண்டாத புரதம் ஒன்று மிதமிஞ்சிச் சேர்ந்து, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில்தான் முதல் மெஷின் ஏமாந்துபோனது. அந்தப் புரதம் எலும்பு மஜ்ஜையில் வந்திருக்கும் புற்றுநோயால் உண்டாவது. மருந்து இருக்கிறது. ஆனால் நீண்ட வைத்தியம்."

பாலசுப்ரமணியன் மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியோ? உன் தப்பே இல்லையாம். இனிமே அழப்படாது."

தனக்கு வந்திருப்பது என்னவென்று தெரிந்தும், முதலில் அவளைத் தேற்றத்தான் தோன்றியது அந்த மனிதருக்கு.

கல்பகம் டாக்டர் இருப்பதையும் பார்க்காமல் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, என் தப்பாவே இருந்திருக்கப்படாதா? உப்புன்னா நான் சரி பண்ணியிருப்பேனே."