காரை இறக்கித் தந்தவர்

1950களின் கடைசியில் நாமக்கல்லில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை வைத்திருந்தார் அவர். குட்டையான மனிதர், முழங்கை வரை கிரீஸ். எதையும் சாண் வைத்துத்தான் அளப்பார்.

இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய என் தங்கைக்குச் சேலத்தில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. அவளைத் தூக்கித்தான் எங்கள் காரில் உட்கார வைப்போம். வேலையில் சேரும் முன் அவளோடு காரை அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"ஏறறதுக்கு ஒரு படி வெச்சுக் குடுங்க" என்றேன்.

அவர் அவளிடம் திரும்பினார். "அம்மிணி, காலை எவ்வளவு தூக்க முடியுங்க?"

அவள் தூக்கிக் காட்டினாள். குனிந்து சாண் போட்டுப் பார்த்தார். மாலைக்குள் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, வளைவைக் குறைத்து, அவள் கால் எட்டும் உயரத்துக்குக் காரையே இறக்கிவிட்டார்.

கைகொடுக்கப் போன என்னைத் தடுத்தார். "இருங்க சாமி, அவங்களே ஏறட்டும்."

கதவைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்தாள்.

இத்தனை வருடம் தூக்கிய நாங்கள் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்று இன்னும் யோசிக்கிறேன்.