பக்கத்து வீட்டுக்கு வழி

எங்கள் தெருவில் வீடுகளே இல்லை, மதில்கள்தான் இருக்கின்றன என்று அம்மா வந்த புதிதில் சொன்னாள். மதிலுக்கு மேல் கண்ணாடிச் சில்லு, அதற்கு மேல் மூடுபனி. நுவரெலியாவில் வசதியானவர்கள் இருக்கும் மேட்டுத் தெரு அது. பாதி வீடுகள் கொழும்புக்காரர்களுடையவை. விடுமுறைக்கு வரும் ஏப்ரல் மாதத்தில் மட்டும் விளக்கு எரியும். என் கணவர் ஒரு ஹோட்டலில் மேலாளர், நான் பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பேர் சம்பளத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கே வாடகைக்கு இருந்தோம்.

அம்மா பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். அப்பா போன பிறகு, வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தாள். லயத்துப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை. அங்கே பகலில் கதவு சாத்தியிருந்தால், உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் சாயத்தண்ணி, பால் கலக்காத தேநீர். விசாரணையெல்லாம் பிறகுதான். அதுவும் 'எந்தத் தோட்டம்?' என்றுதான் தொடங்கும். வந்தவர் வேலை தேடுபவர் என்றால், எங்கே ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லி அனுப்ப வேண்டும். தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், ஒருவருக்கு ஒருவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

நாங்கள் வேலைக்குப் போனதும் அம்மா கேட்டைத் திறந்து வைத்துவிடுவாள். பூட்டச் சொல்லி எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன்.

"பூட்டிட்டு நான் யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்பாள்.

அவளுக்குப் பார்க்கக் கிடைத்த ஒரே முகம் பக்கத்து வீட்டு நோனா. வயதான சிங்களப் பெண்மணி. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருந்தார். அம்மாவின் சிங்களம் அரைகுறை, நோனாவின் தமிழ் அதற்கும் கீழே. ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலுக்குப் பதிலாக இருந்த வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எங்கள் பாத்தியில் விளைந்த லீக்ஸ் அங்கே போகும், அவருடைய தோட்டத்துப் பூ எங்கள் சாமி படத்துக்கு வரும். என்னதான் பேசினார்களோ, சிரிப்புச் சத்தம் உள்ளே சமையல் நடக்கும் குசினி வரைக்கும் கேட்கும்.

அந்த நோனாவைத்தான் ஒரு நாள் காலையில், வீடு வீடாகப் பாண் ரொட்டி விற்கும் பாண்காரர் பார்த்தார். மணியடித்தும் ஆள் வராததால் பின்பக்கம் போனவர், கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடி வந்தார். நோனா குசினித் தரையில் கிடந்தார். முந்தின நாள் மத்தியானமே கொன்றுவிட்டார்கள் என்று பொலிஸ் சொன்னது. கையில் வளையல் இல்லை. மத்தியானம் என்றால், எங்கள் அம்மா பத்தடி தள்ளி வெயிலுக்குக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். அந்த வீட்டு நாய் எப்போதும்போலக் குரைத்ததைத் தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றாள். லயத்தில் ஒரு குழந்தை இருமினாலே அடுத்த வீட்டில் தூக்கம் கலையும்.

பொலிஸ் அதிகாரி வீடு வீடாக வந்து, சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. அம்மா மட்டும் பார்த்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் ஒருவன் புல் வெட்ட வேலை இருக்கிறதா என்று கேட்டு வந்தானாம். சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தாளாம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம், இடது புருவத்தில் தழும்பு, கையில் சாக்குச் சுற்றிய கத்தி, பேச்சில் லேசான திக்கு. அவள் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சில நாட்களில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். வளையல் அவனிடம் இருந்தது.

அம்மாவுக்குத் தெருவில் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. அதுவரை எங்கள் வீட்டு வேலைக்காரி என்று நினைத்திருந்தவர்கள்கூட கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்ன ஞாபகசக்தி என்று வியந்தார்கள். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ஒரு பெரிய வீட்டின் வரவேற்பறையில் கூட்டமும் போட்டார்கள். இனிமேல் தோட்டத்து ஆட்களை வேலைக்கு உள்ளே விடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தோட்டத்து ஆள்தான் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு எரிந்தது. ஏதாவது பதில் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தபோது அந்தப் புருவத் தழும்பு நினைவுக்கு வந்தது. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலம் குசினியில் கேக் பெட்டியைத் தொடாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னேன்.

"அவன் வேலை கேட்டான்," என்றாள். "நம்ம வீட்டுல என்ன புல்லு இருக்கு? பக்கத்து வீட்டுல காடா கெடக்கு, அங்க போய்க் கேளுன்னு சொன்னேன்."

அதில் என்ன இருக்கிறது, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றேன்.

"அதோட விடலயே. நோனா தனியாத்தான் இருக்காங்க, காது கொஞ்சம் மந்தம், முன்னால நின்னு கூப்பிட்டா கேக்காது, குசினிப் பக்கமாப் போ, நாய் கொரைக்கும், கடிக்காதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். பாவம், வேலை கெடைக்கட்டுமேன்னு."

பொலிஸ் இதைக் கேட்கவில்லை. யாரைப் பார்த்தீர்கள் என்றுதான் கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மேல் தப்பில்லை அம்மா என்று அன்றைக்கும் சொன்னேன், அதற்குப் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் மறுத்துப் பேசியதில்லை. அவன் எங்கள் வீட்டுக் குசினி வாசலிலும் உட்கார்ந்திருந்தானே, இங்கேயும் பகலெல்லாம் ஒரு கிழவி தனியாகத்தானே இருந்தாள் என்ற நினைப்பு எனக்கு இப்போதும் வகுப்பில் பாடம் நடத்தும்போது வந்துவிடும். கையில் சாக்கட்டியோடு அப்படியே நின்றுவிடுவேன்.

வீட்டின் சொந்தக்காரர் கேட்டில் கெமராவும் பேசுகிற பெட்டியும் பொருத்தினார். பூட்டச் சொல்லி நான் சத்தம் போடவேண்டிய தேவையே இல்லாமல் போனது. அம்மா கேட்டைப் பூட்டினாள், கதவைப் பூட்டினாள், வேலிப் பக்கத்து ஜன்னலில் திரையை இழுத்துவிட்டாள். நான் எத்தனையோ வருடமாகக் கேட்டதெல்லாம் நடந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மாமாவிடமிருந்து, அம்மாவின் தம்பியிடமிருந்து, போன் வந்தது. அக்காவைப் பார்க்கலாம் என்று தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். மழையில் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டிருக்கிறார். பெட்டியிலிருந்து அம்மாவின் குரல், "இங்க யாரும் தனியா இல்ல, ஆம்பளைங்க இருக்காங்க, போங்க" என்று சொன்னதாம். மறுபடியும் கூப்பிட்டாராம், மறுபடியும் அதேதான். அக்காவுக்கு என்ன ஆச்சு பிள்ளை என்று கேட்டார். வாங்கி வந்ததைக் கேட்டில் மாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியிருந்தார்.

நான் வந்தபோது பை அப்படியே நனைந்து தொங்கியது. உள்ளே பேரிக்காயும் கீரைக்கட்டும். பையை மேசையில் வைத்தேன். வந்தது மாமா அம்மா, கெமராப் படத்தில் முகம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரிஞ்சிச்சு," என்றாள். "தொறந்தா சாயத்தண்ணி குடுக்கணும். குடுத்தா பேசணும். பேசுனா என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியலயே, புள்ள."

கீரைக்கட்டைப் பிரித்து, ஈரத்தை உதறி, ஒவ்வொரு தண்டாக ஆயத் தொடங்கினாள்.