இரண்டு பதக்கங்களை ஒரே கல்லாகக் கண்டவர்

ரீற்றா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஹம்பேர்க்கில் வேலைக்குப் போகும் எஸ்-பான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய நல்ல குணங்களை, அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்லவேண்டியது அவர்மீது எனக்கிருந்த பொறாமையை.

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில் நாங்கள் இருவரும் ஹம்பேர்க்கில் ஒரு அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்த்தோம். எங்கள் கூடத்தில், கொலம்பஸ் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் மத்திய அமெரிக்க மக்கள் செதுக்கிய பச்சைக்கல் பதக்கங்கள் இருந்தன. மேலே பறவைத் தலை, கீழே கோடரியின் வெட்டுவாய். நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். விளக்க அட்டைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மன்னாரிலிருந்து வந்த அக்காவுக்கு ஜெர்மன் வாசிக்க வராது. அவர் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்தக் கல்லும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில கிடக்கிறதும் ஒண்டுதான்."

"விசரே அக்கா? ரெண்டும் வேற வேற ஆக்கள் மியூசியத்துக்குக் குடுத்தது."

"குடுத்தவை வேறயா இருக்கட்டும். ஓரத்தில ஓடுற வெள்ளைக் கோட்டைப் பாரும்."

நான் பார்த்தேன். மூன்று வருடங்களாக நான் பார்க்காதது அங்கே இருந்தது.

அக்காவுக்காகப் பொறுப்பாளர் அம்மையாரிடம் நான்தான் ஜெர்மனில் சொன்னேன். அவர் கையுறை போட்டு இரண்டையும் எடுத்து, முதுகோடு முதுகு சேர்த்தார். வெள்ளைக் கோடு தடையில்லாமல் ஓடியது. ஒரே கோடரிக் கல்லை நெடுக அறுத்து இரண்டு பதக்கங்களாக்கியிருந்தார்கள். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யார் கண்டது?" என்று கேட்டார்.

"வியர்," என்றேன். 'நாங்கள்.'

அக்கா பக்கத்தில் சிரித்தபடி நின்றார். புதிய விளக்க அட்டையில் 'கூடத்தின் காவலர்கள் கண்டறிந்தது' என்று அச்சடித்தார்கள்.

பல மாதங்களுக்குப் பிறகு, நோயில் விழுந்திருந்த அக்காவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அதைச் சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா, அண்டைக்கு நான்..."

"வியர் எண்டு சொன்னனீர். அந்தளவு ஜெர்மன் எனக்கும் விளங்கும்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"உமக்கும் ஒரு நல்ல நாள் வேணுமெண்டு பட்டது."

அப்போதும் எனக்கு எரிந்தது. மன்னிப்பதிலும் அவர் என்னை முந்திவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அம்மையாரிடம் போய், "கண்டது ரீற்றா மட்டும். நான் இல்லை," என்று சொன்னேன். அட்டையை மாற்றினார்கள். அதில் அவர் பெயரைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது பொறாமை. அழுகை பிறகுதான் வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பொறாமையைத்தான். அது எரியும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது.